ஜப்பானிய மரபு டாட்டூ: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, இப்போதைக்கு மேல்கையில் ஒரு டிராகன் மட்டும் போதும். ஆசை வந்தால் பிறகு மார்பு வரை இழுத்துக்கொள்ளலாம்தானே?

பதில்: இழுக்கலாம் தம்பி, ஆனால் அந்த முடிவை முதல் ஊசி படுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். டிராகனைச் சுற்றி ஓடும் காற்று, அலை, மேகம் எல்லாம் சேர்ந்த கறுப்புப் பின்னணியை ‘காகு’ என்பார்கள். என்னைக் கேட்டால் இந்த மரபின் உயிரே அதுதான். தோளின் உருட்சி, முழங்கையின் மடிப்பு, மார்பின் அகலம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அதன் ஓட்டத்தை வரைவார்கள். கையில் போடும் டாட்டூ முழங்கைக்கு மேலே நிற்கிறதா, முன்கையின் நடுவிலா, மணிக்கட்டிலா என்பதற்கும் வழிவழியாக வந்த அளவுகள் உண்டு. ஓரம் எப்படி முடிகிறது என்பதைக்கூட ‘மிகிரி’ என்று தனியாகப் பார்க்கிறார்கள். தனி டிராகனைப் போட்டுவிட்டு அப்புறம் பின்னணி தேடினால் ஒட்டுப்போட்டது போலத்தான் தெரியும்.

கேள்வி: எந்த உருவத்தோடு எந்தப் பூ? இஷ்டம்போல் கலக்கலாமா?

பதில்: வேண்டாம். சிங்கத்துக்குப் பியோனி, கோய் மீனுக்கு மேப்பிள் இலை என்று பழகிய ஜோடிகள் இருக்கின்றன. வசந்தத்தில் பூக்கும் செர்ரியையும் இலையுதிர்காலத்து மேப்பிளையும் ஒரே காட்சியில் வைக்க மரபை விடாத கலைஞர்கள் தயங்குவார்கள். ஃபுடோ மியோ மாதிரி தெய்வ உருவத்தை இடுப்புக்குக் கீழே கேட்காதீர்கள். ஜப்பானிய ஓவியர் குனியோஷி 1827 வாக்கில் வரையத் தொடங்கிய, ‘சுய்கோடென்’ என்ற சீனக் கதையின் வீரர்களைக் காட்டும் அச்சுப்படங்களைத் தேடிப் பாருங்கள். உடம்பெல்லாம் பச்சை குத்திய அந்த வீரர்களைப் பார்த்துத்தான் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துத் தீயணைப்பவர்களும் தொழிலாளிகளும் முதுகு முழுக்கக் குத்திக்கொண்டார்கள்.

கேள்வி: கையாலேயே குத்தும் ‘தெபோரி’ ரொம்ப வலிக்குமா?

பதில்: இரண்டையும் அனுபவித்தவர்களில் பலர் மெஷினைவிடக் குறைவு என்கிறார்கள். கோடுகளை மெஷினில் போட்டு, நிழலை மட்டும் கையால் ஏற்றுவது இப்போது சகஜம்.

கேள்வி: நம் மாநிறத்துக்கு எடுபடுமா?

பதில்: கறுப்பு அருமையாக நிற்கும், சிவப்பும் பரவாயில்லை. மஞ்சளையும் வெளிர் நிறங்களையும் நம்பாதீர்கள். காயம் பட்டால் தழும்பு புடைக்கும் உடம்பு என்றால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: டாட்டூவோடு ஜப்பான் போனால் வெந்நீர் ஊற்றில் குளிக்க விடுவார்களா?

பதில்: பல இடங்களில் விடமாட்டார்கள். 1872-இல் அரசு டாட்டூவுக்கே தடை போட்டது, 1948-இல்தான் நீங்கியது. டாட்டூ என்றாலே யகுசா என்னும் குற்றக் கும்பல்களோடு சேர்த்துப் பார்க்கும் பயம் இன்றும் போகவில்லை. கினோசாகி ஊரின் பொதுக் குளியலறைகளில் தடையில்லை. மற்ற ஊர்களில் தனி அறைக் குளியல் கேளுங்கள். அவர்கள் ஊர், அவர்கள் வழக்கம். வாசலில் நின்று வாதாடாதீர்கள்.

கேள்வி: முதுகு முழுக்கப் போட எத்தனை நாள்?

பதில்: நாள் கணக்கு இல்லை, வருஷக் கணக்கு. வாரம் ஓரிரு மணி நேரம் உட்கார்ந்தாலும் அப்படித்தான்.

கேள்வி: சுத்தம் பற்றி என்ன பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் கண் முன்னால் புது ஊசி பிரிக்கப்பட வேண்டும், மையை உங்களுக்கென்று தனிக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ஊசி வழியே பரவும். தெபோரி என்றால், ஊசி கட்டும் கைப்பிடியை எப்படிக் கிருமி நீக்குகிறார்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.