வராத கேமராவின் சக்கரங்கள்

அன்புள்ள ஐயா,

புகைப்பட ஆர்வலர்களான எங்கள் நண்பர் குழுவில் சில மாதங்களாக ஒரே பேச்சு. லென்ஸுக்குப் பின்னால் பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய ஃபிலிம் எஸ்எல்ஆரின் தோற்றத்தில், அந்தக் கண்ணாடியே இல்லாத ஒரு மிரர்லெஸ் கேமரா வரப்போகிறதாம். நிறுவனம் இன்னும் வாய் திறக்கவில்லை. ஒருவர் எங்கிருந்தோ சான்றிதழ் எண்ணைக் கண்டெடுக்கிறார், இன்னொருவர் காப்புரிமை ஆவணத்தைக் காட்டுகிறார், வேறொருவர் தானே வரைந்த படத்தைப் போட, அதை வைத்து எல்லோரும் சண்டையிடுகிறார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே பெயருக்காக அடித்துக்கொள்வது போலிருக்கிறது. பழைய கூட்டுக்குள் புதிய சர்க்யூட்டை வைத்து விற்பது வெறும் ஏக்க வியாபாரம்தானே? விஷயம் தெரிந்தவர்களும் இதில் ஏன் இவ்வளவு நேரத்தைச் செலவிடுகிறார்கள்? என்னிடம் கையால் ஃபோகஸ் செய்யும் பழைய நிக்கான் லென்ஸ்கள் சில இருக்கின்றன. அவற்றுக்காக இந்தக் கேமராவுக்குக் காத்திருக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

வெளிவராத கேமராவைப் பற்றி ஊகிப்பதில் தவறொன்றும் இல்லை. என் குறை வேறு. உங்கள் நண்பர்கள் எளிதில் ஊகிக்கக்கூடியவற்றைப் பற்றியே ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வகைக் கேமரா நல்லதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் விஷயத்தை யாருமே கேட்பதில்லை.

எளிதானது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய தோற்றத்தில் வரும் கேமராவின் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் அலமாரியில் ஏற்கெனவே இருப்பவைதான். 2013இல் வந்த நிக்கான் டிஎஃப், முந்தைய ஆண்டின் டி4 கேமராவின் படத்தைப் பதிவுசெய்யும் 16 மெகாபிக்சல் சென்சாரைக் கொண்டிருந்தது. 2021இல் வந்த இசட் எஃப்சி, 2019இன் இசட் 50ஐப் பிரித்து வேறு உடை உடுத்தியது என்றே சொல்லலாம். 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இசட் எஃப், பழகிப்போன 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரையும் இசட் 9 காலத்துச் செயலியையும் சேர்த்துக்கொண்டது. விதிவிலக்கு ஃபியூஜிஃபிலிம். அவர்களுக்குப் பழைய தோற்றம்தான் முதன்மை வரிசை என்பதால், எக்ஸ்-ப்ரோ1 போன்ற கேமராவில் புதிய சென்சாரையே அறிமுகப்படுத்தினார்கள். மற்ற நிறுவனங்களின் விஷயத்தில், தற்போது விற்பனையில் இருக்கும் கேமராக்களின் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் எவரும் மெகாபிக்சல் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லிவிடலாம். அதைச் சொன்னவரை ஞானி என்று கொண்டாட வேண்டியதில்லை.

சான்றிதழ் எண்ணும் அப்படித்தான். கம்பியில்லா இணைப்புள்ள எந்தக் கருவியும் விற்பனைக்கு முன் அந்தந்த நாட்டின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும்; அந்த ஆவணத்தில் ஒரு குறியீட்டு எண்ணும் வைஃபை, புளூடூத் பற்றிய விவரமும் இருக்கும். ஏதோ ஒன்று வருகிறது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். காப்புரிமை அதைவிடவும் பலவீனமானது. நிறுவனங்கள் தாங்கள் செய்யப்போவதற்கு மட்டுமின்றி, பிறர் செய்துவிடக்கூடும் என்று அஞ்சுவதற்கும் காப்புரிமை வாங்கி வைப்பதுண்டு.

இனி, யாரும் கேட்காத கேள்விக்கு வருகிறேன். மேல்தட்டில் இருக்கும் சக்கரங்கள் உண்மை பேசுமா?

1982இன் நிக்கான் எஃப்எம்2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்று வரைந்து சுற்றுக்கு விடப்படும் கற்பனைப் படங்களில் பாதிக்குமேல் அதன் நகல்தான். அதில் ஷட்டர் சக்கரம் 250 என்று காட்டினால் ஷட்டர் விநாடியில் 250இல் ஒரு பங்கு நேரம்தான் திறக்கும். வேறு எந்த விசையாலும் அதை மாற்ற முடியாது. ஒளி நுழையும் துளையின் அளவு லென்ஸின் வளையத்தில் எழுதப்பட்டிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் ஷட்டர் வேலை செய்யும், செயலிழப்பது ஒளிமானி மட்டுமே. ஆகவே, கேமராவை இடுப்பளவில் பிடித்து மேலிருந்து ஒரு பார்வை பார்த்தாலே அடுத்த படம் எப்படிப் பதிவாகும் என்பது தெரிந்துவிடும். பழைய தோற்றத்தின் நியாயம் இதில்தான் இருக்கிறது. ஏக்க வியாபாரம் என்று நீங்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு; ஆனால் ஃபிலிமைக் கையில் தொட்டே பார்க்காத இளைஞர்கள் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100விக்காகப் பல மாதங்கள் காத்துக்கிடந்ததை ஏக்கத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. அணைத்து வைத்த நிலையிலும் தன் அமைப்பைக் கண்ணுக்குக் காட்டும் கருவி என்பது ஒரு பயன், அது அலங்காரமல்ல.

டிஜிட்டல் கேமராவில் இந்தப் பயனைக் காப்பாற்றுவது கடினம். மின்னணுக் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கலாம், எண் பொறிக்காத கட்டளைச் சக்கரம் மாற்றலாம், கைப்பேசியிலிருந்துகூட மாற்றலாம். அப்போது மேல்தட்டில் பொறித்திருக்கும் எண் என்ன ஆகும்? ஃபியூஜிஃபிலிம் 2011இன் எக்ஸ்100 காலம் முதல் கொடுத்துவரும் விடை நேர்த்தியானது. முறைத் தேர்வுச் சக்கரம் என்று தனியாக ஒன்று இல்லை. ஷட்டர் சக்கரத்திலும் லென்ஸ் வளையத்திலும் ‘ஏ’ என்ற நிலை ஒன்று இருக்கிறது. இரண்டையும் அங்கே வைத்தால் முழுத் தானியங்கி, ஒன்றை மட்டும் வைத்தால் பாதித் தானியங்கி. எண்ணில் நிற்கும் சக்கரம் அந்த எண்ணைச் சொல்கிறது, ‘ஏ’யில் நிற்கும் சக்கரம் எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறது. அவர்களின் 18-55 ஜூம் லென்ஸில், இழுக்க இழுக்கத் துளையின் உச்ச அளவு மாறும் என்பதால், வளையத்தில் எண்ணே போடாமல் விட்டார்கள். பொய் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல் என்ற முடிவு அது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நிக்கான் எடுத்தது வேறு வழி. இசட் எஃப்சியிலும் இசட் எஃப்பிலும் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) சக்கரத்துக்கு அடியில், பி (இரண்டும் கேமராவின் பொறுப்பு), எஸ் (ஷட்டர் நம் கையில்), ஏ (துளை மட்டும் நம் கையில்), எம் (இரண்டும் நம் கையில்) என்ற முறைகளைத் தேர்ந்தெடுக்கும் சிறு நெம்புகோல் இருக்கிறது. அதை ‘ஏ’யில் வைத்துவிட்டால், பளபளக்கும் ஷட்டர் சக்கரம் 4000 என்று காட்டினாலும் 60 என்று காட்டினாலும் ஒன்றுதான், கேமரா அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உலோகத்தில் செய்து எண்களைப் பொறித்த அந்தச் சக்கரம், ‘ஏ’ முறையிலேயே நாள் முழுக்கப் படமெடுப்பவருக்கு வெறும் ஆபரணமாகிவிடுகிறது. எஸ், எம் முறைகளில் அது உண்மையைச் சொல்லும். பொறித்த எண்களுக்கு இடைப்பட்டு, மூன்றில் ஒரு பங்குப் படியாக வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் ‘1/3 ஸ்டெப்’ என்ற நிலையில் நிறுத்தி, பொறுப்பைக் கட்டளைச் சக்கரத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

ஐஎஸ்ஓ சக்கரத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. எஃப்எம்2இல் இடது தோளில் இருந்தது ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் கைப்பிடி. ஐஎஸ்ஓ எண், ஷட்டர் சக்கரத்தின் நடுவே ஒரு சிறு சாளரத்துக்குள் ஒளிந்திருந்தது; விளிம்பைத் தூக்கித் திருப்பினால்தான் மாறும். ஒரு சுருளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பதால் அதுவே சரியான இடம். இசட் எஃப்பின் இடது தோளில் கம்பீரமாக நிற்கும் ஐஎஸ்ஓ சக்கரத்துக்கு முன்மாதிரி எஃப்எம்2இல் இல்லை. பழமை போலத் தோன்றும் புதுமை அது. படத்துக்குப் படம் ஐஎஸ்ஓ மாறும் காலத்துக்கு அவசியமான புதுமையும்கூட.

இதற்கு நேர்மாறாக, பழமைக்கு விசுவாசமாக இருந்ததே சிக்கலாகிவிட்டதற்கு உதாரணம் டிஎஃப். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் ஒளித்திருத்தச் சக்கரத்தை, பழைய எஃப்3இல் இருந்ததைப் போலவே, இடது தோளில் வைத்தார்கள். நடுவில் ஒரு பூட்டுப் பொத்தானும் வைத்தார்கள். இடது கை லென்ஸைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள், தெரியும். 2013 அக்டோபரில் அந்தக் கேமராவுக்காக நிக்கான் வெளியிட்ட முன்னோட்டக் காணொளிகளில், மலைகளுக்கிடையே ஒருவர் நடந்துகொண்டே இருந்தார். கேமரா முழுதாகக் கண்ணில் படவேயில்லை, சக்கரங்கள் சொடுக்கும் ஒலி மட்டும் கேட்டது. ஆர்வலர்கள் அந்த ஒலியைப் பெரிதாக்கிக் கேட்டு ஆராய்ந்தார்கள். கண்ணாடியில்லாத கேமரா என்று நம்பினார்கள், வந்தது கண்ணாடியுள்ள டிஎஸ்எல்ஆர். ஃபோகஸ் திரையை மாற்றிக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தார்கள், முடியவில்லை. வீடியோவே இல்லாமல் வந்ததில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் கொதித்தார்கள். சக்கரம் சொடுக்குகிறது என்பதைச் சரியாகக் கேட்டவர்களுக்கும், அதைத் திருப்பப் பூட்டைத் திறக்க வேண்டும் என்பது கேட்கவில்லை.

ஆகவே, உங்கள் நண்பர்களிடம் மேலிருந்து எடுத்த படம் ஏதாவது கசிந்து வந்தால், அதில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். பி-எஸ்-ஏ-எம் நெம்புகோல் தெரிகிறதா, அல்லது ஒவ்வொரு சக்கரத்திலும் ‘ஏ’ இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியிருக்கும் லென்ஸின் வளையத்தில் எண்கள் உண்டா என்று பாருங்கள். நிக்கானின் 28 மி.மீ., 40 மி.மீ. எஸ்இ லென்ஸ்கள் பழைய லென்ஸின் வரிவளையங்களை அப்படியே நகலெடுத்திருந்தும், துளைக்கான எண் வளையம் மட்டும் அவற்றில் இல்லை. பெயரளவில் ஒரு மின்னணு வளையம், அதுவும் சொடுக்காமல் வழுக்கிச் சுழல்வது. துளையின் அளவைக் காண உடலின் மேல்தட்டில் ஒரு சிறு சாளரத்தை வைத்திருக்கிறார்கள். கேமரா அணைந்திருக்கும்போது அதைப் பார்த்துப் பயனில்லை. மெகாபிக்சல் பட்டியலைவிட, மேலிருந்து எடுத்த மங்கலான ஒரு படம் அதிகம் சொல்லும்.

கற்பனைப் படங்கள் தவறாமல் செய்யும் ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். எல்லோரும் உடலை மெல்லியதாக வரைகிறார்கள். பிரதிபலிக்கும் கண்ணாடி இருந்த பெட்டி போய்விட்டதே, லென்ஸ் பொருத்துமிடத்துக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. தேவைப்பட்டது இப்போது 16 மி.மீ. ஆகிவிட்டதே என்பது அவர்கள் கணக்கு. முன்பக்கத்துக்கு அது சரி, பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ஃபிலிமுக்குப் பின்னால் ஓர் அழுத்துத் தகடும் மெல்லிய கதவும்தான் இருந்தன. சென்சாருக்குப் பின்னால் சர்க்யூட் பலகை, கை நடுக்கத்தின் அதிர்வைச் சமன்செய்யும் சட்டகம், வெப்பம் வெளியேறும் வழி, அதற்கும் பின்னால் கீலில் திரும்பும் திரை. இசட் எஃப்பின் தடிமன் 49 மி.மீ., எஃப்எம்2க்கு 60 மி.மீ. என்று எண்களை ஒப்பிட்டால் புதியது மெலிந்ததாகத் தோன்றும். ஆனால் அந்த 60இல் முன்னால் துருத்திநிற்கும் கண்ணாடிப் பெட்டியும் அடக்கம், விரல்கள் பற்றும் பகுதி அதைவிட ஒல்லியானது. உயரத்தில் இசட் எஃப் 13 மி.மீ. கூடுதல், எடையோ பேட்டரியுடன் 710 கிராம், எஃப்எம்2 540 கிராம்தான். லைக்கா எம் வரிசை, 2006இன் எம்8இல் பருத்துப்போன உடலை ஃபிலிம் கேமராவின் தடிமனுக்கு நெருக்கமாகக் கொண்டுவர, 2017இன் எம்10 வரை ஆயிற்று. அதற்காக அந்தக் கேமராவில் வீடியோவும் இல்லை, அதிர்வுச் சமனும் இல்லை. இரண்டும் வேண்டும், உடலும் மெல்லியதாக வேண்டும் என்று வரைபவர்கள் எதை விட்டுக்கொடுப்பது என்றும் சேர்த்து வரைந்தால் நன்றாக இருக்கும்.

உங்கள் லென்ஸ்களுக்கு வருகிறேன். அவற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் லென்ஸ்கள் பொருந்தும் நிக்கானின் எஃப் மவுண்டுக்கு (லென்ஸ் பொருத்துமிடம்) வேண்டிய 46.5 மி.மீ. இடைவெளி, எல்லா ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் மவுண்டுகளின் இடைவெளியையும்விட அதிகம்; சோனிக்கு 18, கேனன் ஆர்எஃப்புக்கு 20. எனவே இடையில் ஒரு வெற்றுக் குழாய் போன்ற அடாப்டரைப் போட்டால், உங்கள் லென்ஸ்கள் இன்றைக்கே எந்த மிரர்லெஸ் கேமராவிலும் வேலை செய்யும். வரப்போகும் கேமராவின் சென்சார் சிறிய ஏபிஎஸ்-சி அளவாக இருந்தால், உங்கள் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. லென்ஸின் கோணத்தைத் தரும். அதை மட்டும் ஊகத்தில் கவனியுங்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். டிஎஃப்பில் பழைய லென்ஸின் துளை வளையத்தோடு இணையும் சிறு நெம்பு இருந்தது. 1977க்கு முந்தைய லென்ஸ்களுக்காக அதை மடக்கி வைக்கவும் முடிந்தது. எஃப் மவுண்டு லென்ஸை இசட் கேமராவில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த நெம்பு கிடையாது. ஆகவே வளையத்தை எஃப்8 போன்ற சிறிய துளை அளவுக்குத் திருப்பினால் துளை உடனே சுருங்கிவிடும். எந்த அளவில் நிற்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது. வ்யூஃபைண்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், ஆனால் மங்கிய இடங்களில் புள்ளிகள் கொதிக்கும், ஃபோகஸின் எல்லையும் அகன்று குழப்பும். வளையத்தை முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு வேண்டிய அளவுக்கு மூடுங்கள். ஒவ்வொரு லென்ஸின் குவியத் தூரத்தையும் (50, 135 போன்ற மி.மீ. எண்) மெனுவில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அதிர்வுச் சமன் தவறான அளவுக்குச் சென்சாரை நகர்த்தும், 135 மி.மீ. லென்ஸில் அது நன்றாகவே தெரியும்.

அன்புடன்.