புது ரிங் போட்ட என்ஜினை எப்படிப் பழக்குவது?

கேள்வி: என் பழைய மாருதி எஸ்டீமின் 1,298 சிசி என்ஜினை வீட்டிலேயே பிரித்து, பட்டறையில் ஹோனிங் (சிலிண்டரின் உட்சுவரை நுண்ணிய கீறல் விழும்படி தேய்ப்பது) செய்து, புது பிஸ்டன் ரிங்குகள் போட்டிருக்கிறேன். முதல் 1,000 கிலோமீட்டருக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்கிறார் மெக்கானிக் அண்ணன். அது சரியா? - வாசகர், கோவை.

பதில்: அண்ணனின் அக்கறை புரிகிறது, ஆனால் அந்த அறிவுரை முழுவதும் சரியன்று. ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல, எரிதலில் பிறக்கும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து தள்ளும் அழுத்தமுமாகும். ஆகவே, சுமையே கொடுக்காமல் மெல்ல உருட்டினால், ஹோனிங் விட்டுச்சென்ற குறுக்குக் கீறல்களின் முனைகள் ரிங்கோடு உராய்ந்து சமமாவதற்கு முன்பே, சுவரில் எண்ணெய் வெந்து கண்ணாடிபோல் படிந்துவிடக்கூடும். பிறகு ஆயில் குடிக்கும், மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். கிளப்பியதும் கசிவையும் வெப்பத்தையும் பார்த்துவிட்டு, நெடுநேரம் ஐடிலில் நிறுத்தாமல் சாலைக்குக் கொண்டுபோங்கள். மூன்றாம் கியரில் 40லிருந்து 70 வரை பாதிக்கு மேல் ஆக்சிலரேட்டர் கொடுத்து ஏற்றி, பிறகு காலை எடுத்து என்ஜினே வேகத்தைக் குறைக்க விடுங்கள். இதைப் பத்துப் பன்னிரண்டு முறை செய்யலாம். உச்சச் சுழற்சி மட்டும் இப்போது வேண்டாம்.

சாதாரண மினரல் ஆயிலே போதும். சுமார் 100 கிலோமீட்டரில் அதை ஃபில்டரோடு மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்: மிக நுண்ணிய இரும்புத்தூள் இயல்பு, பளபளக்கும் செதில்கள் என்றால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.