கதிர் இல்லாத புல்லுக்குப் பெயர் சொல்ல முடியுமா?

கேள்வி: எங்கள் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) மழைக்குப் பிறகு கொழுக்கட்டைப்புல்லோடு வேறு பல புற்களும் கலந்து கிடக்கின்றன. செல்போனில் படம் பிடித்துப் போட்டால் செயலி ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர் சொல்கிறது. மாடு மேய்ந்துவிடுவதால் கதிரும் கிடைப்பதில்லை. எப்படித்தான் கண்டுபிடிப்பது?
– வாசகர், காங்கேயம்

பதில்: படத்தில் வெறும் இலை மட்டும் இருந்தால் செயலி தடுமாறத்தான் செய்யும். இலையின் நீளம், நிறம், செடியின் உயரம் எல்லாமே மழைக்கும் மேய்ச்சலுக்கும் தக்கபடி மாறுபவை. அவற்றை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள்.

முதலில் அது புல்தானா என்று பாருங்கள். தண்டை இரு விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டு, கணுவே இல்லாமல் வழவழவென்று இருந்தால் கோரை. புல்லின் தண்டில் கணு புடைத்திருக்கும். இலைகள் இரண்டே வரிசையில் எதிரும் புதிருமாக வரும்; கோரைக்கு மூன்று வரிசை.

அடுத்து ஓர் இலையைத் தண்டைவிட்டு மெல்லப் பின்னால் வளையுங்கள். இலை, உறையோடு (தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதி) சேரும் மடிப்பின் உட்புறத்தில் சிறு நாக்கு போல ஒன்று இருக்கும். சில புற்களில் அது மெல்லிய சவ்வு, சிலவற்றில் மயிர் வரிசை. கொழுக்கட்டைப்புல்லில் மயிர் வரிசைதான். மிகச் சிறியது என்பதால் 10 மடங்கு லென்ஸ் வேண்டும். அருகம்புல்லிலும் மயிர்தான் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அருகு தரையில் ஓடிக் கணுதோறும் வேர்விடும். கொழுக்கட்டை தூர் கட்டி நிற்கும்.

கதிர் இல்லை என்கிறீர்களே, கிளுவை வேலியின் அடியில் தேடிப் பார்த்தீர்களா? மாட்டின் வாய் எட்டாத முள்ளுக்குள் அதே புல் கதிர்விட்டு நிற்கும். கொழுக்கட்டையிலேயே இரண்டு இனங்கள் உண்டு. கதிரில் ஒரு மணியைக் கிள்ளி லென்ஸில் பாருங்கள். சுற்றியுள்ள சுணைகள் (முடி போன்ற முட்கள்) நீண்டு, மெல்லியதாக, கீழ்ப்பகுதியில் மயிரோடு இருந்தால் செங்க்ரஸ் சிலியாரிஸ். சுணைகள் குட்டையாக, விறைப்பாக, தட்டையாகி அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் செங்க்ரஸ் செட்டிஜெரஸ்.

விரல்கள் விரித்தது போன்ற கதிர்கள்தான் பலரையும் ஏமாற்றுகின்றன. அருகம்புல்லில் 3 முதல் 6 வரை ஒல்லி விரல்கள். காக்காக்கால் புல்லில் விரல் குட்டையாகத் தடித்து, நுனியில் மணியில்லாத கூர்முனை துருத்தி நிற்கும். கேழ்வரகின் காட்டு உறவான எலூசின் இண்டிகாவில் நுனிவரை மணி இருக்கும்; அதன் அடித்தண்டு அமுக்கியது போல் தட்டையாக வெளுத்திருக்கும். மயில்கொண்டைப்புல்லோ ஊதா நிறத்தில் சுணையோடு குஞ்சம் போல் தெரியும்.

கேள்வி: நாற்றங்காலில் நெல்லையும் களைப்புல்லையும் பிரிக்க ஒரு வழி?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இதே நாக்குதான். நெல்லில் வெள்ளைச் சவ்வு நாக்கும், இருபுறமும் மயிரோடு கொக்கி போன்ற காதுகளும் இருக்கும். குதிரைவாலி இனத்துக் களையில் இரண்டுமே கிடையாது. மடிப்பு மொட்டையாக இருக்கும். பிடுங்குமுன் அதைப் பாருங்கள்.

கேள்வி: நிபுணரிடம் காட்ட மாதிரி எப்படி எடுப்பது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேர், தூர், கதிர் மூன்றும் சேர்ந்தாற்போல் தோண்டி எடுங்கள். கதிரை மட்டும் கிள்ளி வந்தால் ஓடுகொடியா, தூரா என்பது தெரியாமலே போகும். மண்ணைக் கழுவி, நீளமான புல்லை 'ஸ' போல வளைக்காமல் ஆங்கில 'வி' அல்லது 'என்' வடிவில் மடக்கிச் செய்தித்தாளில் வைத்துக் கனம் ஏற்றுங்கள். முதல் நான்கைந்து நாள் தாளைத் தினமும் மாற்ற வேண்டும்; விட்டால் பூஞ்சை பிடித்து மணிகள் உதிர்ந்துவிடும். முற்றிய கதிர் எப்படியும் உதிரும் என்பதால், உதிர்ந்ததைச் சிறு காகித உறையில் போட்டு அதே தாளுக்குள் வையுங்கள். இடம், தேதி, மண் வகை, ஊரில் சொல்லும் பெயர் எல்லாவற்றையும் அங்கேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். 'ஊசிப்புல்' என்றால் ஊருக்கு ஊர் வேறு புல். அதனால் பெயரோடு ஊரையும் எழுதாவிட்டால் பயன் இல்லை. காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடுங்காதீர்கள். படம் எடுத்தால் போதும். செடி முழுதும் ஒன்று, கதிர் ஒன்று, மடித்த இலையின் நாக்கு ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து.