பயங்கரவாத வழக்குகளில் பணியாற்ற விரும்பும் மகளுக்கு ஐ.பி.எஸ். பயிற்சிதான் வழியா?

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறார். வேதியியலில் நல்ல மதிப்பெண். கோவை கார் வெடிப்பு வழக்குச் செய்திகளைத் தொடர்ந்து படித்த நாளிலிருந்து பயங்கரவாத வழக்குகளை விசாரிக்கும் மத்திய அமைப்பான ‘என்.ஐ.ஏ.வில் வேலை பார்க்க வேண்டும்’ என்று சொல்லிவருகிறாராம். ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற தாய்மாமா, ‘அப்படியென்றால் ஐ.பி.எஸ்.தான், ஏதோ ஒரு பட்டத்தில் சேர்த்துவிட்டு டெல்லிக்குப் பயிற்சிக்கு அனுப்பு’ என்கிறார். சித்தப்பாவோ தனியார் கல்லூரி ஒன்றில் சைபர் செக்யூரிட்டி பி.இ. இடத்துக்கு இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்லி நெருக்குகிறார். எதைத் தேர்ந்தாலும் ஒன்றரை ஏக்கர் புஞ்சையை விற்றாக வேண்டும். ‘பெண் பிள்ளைக்கு இது ஆபத்தான வேலை இல்லையா? நான் யார் பேச்சைக் கேட்பது?’ என்பது தந்தையின் கேள்வி.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் உங்களுக்கு இப்போது ஆறுதலைவிடத் தெளிவுதான் தேவை. நிலத்தை விற்காதீர்கள், முன்பணமும் கட்டாதீர்கள். உங்கள் உறவினர்கள் இருவரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் பயங்கரவாத வழக்குகளைக் கையாளும் பணி இந்தியாவில் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதை அறியாமல் பேசுகிறார்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி காவல் துறை மாநிலப் பட்டியலில் வருகிறது. நாடு முழுமைக்குமான ஒரே காவல் துறை நம்மிடம் இல்லை. 2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, அந்த ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின் மூலம் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. உருவானது. இன்றும் ஒரு குண்டு வெடித்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாவது உள்ளூர்க் காவல் நிலையத்தில்தான். குற்றம் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தால், நிலைய அதிகாரி மாநில அரசுக்கும், மாநில அரசு மத்திய அரசுக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும், வழக்கை என்.ஐ.ஏ. எடுக்க வேண்டுமா என்பதை மத்திய அரசு 15 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். யாருடைய அறிக்கைக்கும் காத்திராமல் தானாகவே வழக்கை ஒப்படைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. என்.ஐ.ஏ. பொறுப்பேற்கும் வரை உள்ளூர் நிலையம் புலன்விசாரணையை நிறுத்தக் கூடாது. உங்கள் மகள் படித்த கோவை வழக்கே இதற்கு எடுத்துக்காட்டு: 2022 அக்டோபர் 23 அன்று வெடிப்பு நிகழ்ந்தது, முதலில் கோவை மாநகரக் காவல் துறை விசாரித்தது, தமிழ்நாடு அரசு பரிந்துரைத்தது, சில நாட்களிலேயே வழக்கு என்.ஐ.ஏ.வுக்கு மாறியது.

உளவுத் தகவல்களைத் திரட்டிப் பகிர்வது இன்னொரு அமைப்பின் வேலை. உளவுத் துறையான ஐ.பி.யின் கீழ் 2001 முதல் இயங்கும் பல்முகமை மையத்தில்தான் பல்வேறு அமைப்புகளின் தகவல்கள் ஒன்று சேர்கின்றன. ஆயுதம் ஏந்தி உள்ளே நுழையும் தேசியப் பாதுகாப்புப் படை 1984இல் தொடங்கப்பட்டது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அதற்குச் சென்னையிலும் ஒரு மையம் அமைக்கப்பட்டது. அந்தக் கறுப்புப் பூனைப் படையில் யாரும் நேரடியாகச் சேர முடியாது. ராணுவத்திலிருந்தும் மத்திய ஆயுதப் படைகளிலிருந்தும் அயற்பணியில், அதாவது தம் துறையிலிருந்து சில காலத்துக்கு மாற்றலாகி, வருகிறார்கள். வழக்கு விசாரணை சிறப்பு நீதிமன்றங்களில் நடக்கிறது. நம் மாநிலத்தில் பூந்தமல்லியில் நடக்கிறது. இத்தனை பேருடைய உழைப்பும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. குற்றத்தையும் குற்றவாளியையும் இணைக்கும் பொருள் சான்றை நீதிமன்றம் ஏற்கும்படி நிறுவும் ஆய்வகம் அது. உங்கள் குடும்பத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஐ.பி.எஸ். பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வில் நாடு முழுவதும் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர், அதில் ஐ.பி.எஸ். இடங்கள் 200. தேர்ச்சி பெற்றாலும் ஒதுக்கப்படும் மாநிலத்தில் சட்டம் ஒழுங்கையும் நிர்வாகத்தையும் பல ஆண்டுகள் பார்த்த பிறகே அயற்பணியில் என்.ஐ.ஏ.வுக்குப் போக வாய்ப்பு வரலாம், வராமலும் போகலாம். மகளுக்கு நிர்வாகத்தில் நாட்டமிருந்தால் நானே ஊக்குவிப்பேன். அப்போதுகூட டெல்லி தேவையில்லை. சென்னையில் தமிழ்நாடு அரசே நுழைவுத் தேர்வு வைத்துப் பயிற்சி மையம் நடத்துகிறது. பட்டம் பெற்றதும் என்.ஐ.ஏ.வில் நேரடியாக உதவி ஆய்வாளர் ஆவதற்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு இருக்கிறது, எந்தப் பட்டமும் போதும், பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. அதைப் பின்னாளில் எழுதிக்கொள்ளலாம். சைபர் செக்யூரிட்டியைப் பொறுத்தவரை, கணினியில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது நல்ல படிப்புதான். உங்கள் கடிதம் முழுவதிலும் மகள் கணினியை விரும்பியதாக ஒரு வரிகூட இல்லை.

நான் முன்வைக்கும் வழி தடய அறிவியல், அதிலும் குறிப்பாக வெடிபொருள் பகுப்பாய்வு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்ல உங்கள் ஊரில் ஆள் கிடைப்பது அரிது.

வெடிப்பு நடந்த இடத்துக்கு வரும் தடய அறிவியலர் முதலில் தேடுவது வெடிப்பின் மையத்தை. அங்கிருந்து மண்ணையும் கருகிய துணியையும் வளைந்த உலோகத் துண்டுகளையும் தனித்தனியாக எடுத்து, ஆவி வெளியேறாத உறைகளில் அடைத்து முத்திரையிடுவார். தாக்கம் எட்டாத இடத்திலிருந்தும் கொஞ்சம் மண் எடுப்பார். உரம் போட்ட நிலத்தில் நைட்ரேட் இயல்பாகவே இருக்கும் அல்லவா? அந்த ஒப்பீட்டு மாதிரி இல்லாவிட்டால் கிடைத்த நைட்ரேட் வெடிபொருளுடையதா, வயலுடையதா என்று சொல்ல முடியாது. ஆய்வகத்தில் மாதிரியின் ஒரு பகுதியை அசிட்டோனில் ஊறவைத்துப் பிரித்தால் டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். போன்ற கரிம வெடிபொருள்களின் எச்சம் அதில் கரைந்து வரும். இன்னொரு பகுதியைத் தண்ணீரில் இட்டால் நைட்ரேட், குளோரேட், அம்மோனியம் அயனிகள் வரும். அதன் பிறகு கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி, நிறமாலைக் கருவிகள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒரு முறையில் கிடைத்த முடிவை வேறொரு முறையிலும் உறுதி செய்த பிறகே அறிக்கையில் எழுதுவார்கள். உங்கள் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் அலுமினியத் தூளும் அன்றாடப் பொருள்கள். கோவை வழக்கில் ஒரு வீட்டிலிருந்து கைப்பற்றப்பட்டதாகக் காவல் துறை அறிவித்தவற்றிலும் இவை இருந்தன. ஒரே பொருள் ஓரிடத்தில் பிழைப்பாகவும் வேறோரிடத்தில் கொலைக் கருவியாகவும் இருக்கும்போது, எது எது என்று கலவையையும் கொள்கலனையும் தூண்டும் கருவியையும் பார்த்துச் சொல்ல வேதியியல் நன்கு தெரிந்த ஆள் வேண்டும்.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது புலனாய்வை மேற்கொண்டது டி.ஆர்.கார்த்திகேயன் தலைமையிலான சி.பி.ஐ. சிறப்புக் குழு. ஆனால் குண்டு எங்கிருந்தோ வீசப்பட்டதா, பூங்கூடையில் இருந்ததா, ஓர் ஆளின் உடலில் கட்டப்பட்டிருந்ததா என்ற கேள்விக்கு விடை தந்தவர் அன்று தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் ப.சந்திரசேகரன். சிதறிக் கிடந்த துணிக் கிழிசல்கள், மின்கம்பிகள், மின்கலம், சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகள் ஆகியவற்றிலிருந்து இடுப்பில் கட்டிய குண்டின் அமைப்பை மீண்டும் உருவாக்கிக் காட்டினார் அவர். 1849இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தின் வழிவந்தது அந்தத் துறை. மயிலாப்பூரில் தலைமையகமும், மதுரை, திருநெல்வேலி, கோவை உள்ளிட்ட ஊர்களில் வட்டார ஆய்வகங்களும் அதற்கு உள்ளன.

இந்தப் பணியின் தேவை கூடிவருவதற்குச் சட்டமே காரணமாகியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடயவியல் வல்லுநர் குற்ற இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. உங்கள் மகள் பட்ட மேற்படிப்பை முடிக்கும் காலமும் அந்த அவகாசம் முடியும் காலமும் ஏறத்தாழ ஒட்டியே வரும்.

படிப்பைப் பற்றி நான் உறுதியாகவே சொல்கிறேன்: பி.எஸ்சி. வேதியியல், பிறகு எம்.எஸ்சி. வேதியியல் அல்லது பகுப்பாய்வு வேதியியல். புதிதாக முளைத்த தனியார் கல்லூரிகளில் பெரும் கட்டணத்துக்குத் தரப்படும் பி.எஸ்சி. தடய அறிவியலில் சேர்க்க வேண்டாம். வெடிபொருள் பிரிவுக்கு ஆளெடுக்கும்போது அரசு ஆய்வகங்கள் முதலில் பார்ப்பது வேதியியல் பட்டத்தைத்தான். வேதியியல் பட்டம் இருந்தால் மருந்து நிறுவன ஆய்வகம், ஆசிரியப் பணி போன்ற கதவுகளும் திறந்தே இருக்கும். தடயவியலைச் சிறப்பாகக் கற்க விரும்பினால், 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்ட காந்திநகர் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுநிலைக்கு முயலலாம். அதன் பிறகு மாநிலத் துறையில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக இளநிலை அறிவியல் அலுவலர் பணி. பகுப்பாய்வு அனுபவம் சேர்ந்ததும், ஐதராபாத் போன்ற ஊர்களில் உள்ள மத்தியத் தடய அறிவியல் ஆய்வகங்களில் யு.பி.எஸ்.சி. வழியாக அறிவியலர் பணி. என்.ஐ.ஏ.வும் வெடிபொருள் வல்லுநர் போன்ற இடங்களுக்கு அரசு ஆய்வகங்களில் பணியாற்றுவோரை அயற்பணியில் அழைப்பதுண்டு.

குறைகளையும் மறைக்க மாட்டேன். இந்தப் பணிகளுக்கான அறிவிப்பு ஆண்டுதோறும் தவறாமல் வருவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் தனியார் ஆய்வகத்தில் காத்திருக்க நேரலாம். நள்ளிரவில் அழைப்பு வரும். சிதைந்த உடல்களுக்கு நடுவே வேலை செய்ய வேண்டியிருக்கும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒவ்வொரு முத்திரையையும் ஒவ்வொரு கையெழுத்தையும் பற்றிக் குறுக்கு விசாரணை செய்வார். ஆபத்து என்று நீங்கள் அஞ்சும் துப்பாக்கிச் சூட்டைவிட இந்தக் கூண்டில் நிற்பதுதான் இங்கே பெரிய சோதனை.

அந்தச் சோதனைக்கு உங்கள் மகள் தகுதியானவர் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. செய்முறைத் தேர்வுக்கு முன்பு நடந்த மாதிரித் தேர்வில், பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் மற்ற மாணவிகள் எதிர்பார்க்கப்பட்ட அளவீட்டை எழுதிவிட்டுப் போன பிறகும், தனக்கு இரண்டு அளவுகள் ஒத்துவரவில்லை என்று, கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் குழாயான பியூரெட்டைக் கழுவி மறுபடி நிரப்பி மணியடிக்கும் வரை நின்றாராம். ‘இப்படி மந்தமாக இருந்தால் எப்படிப் பிழைக்கும்?’ என்று நீங்கள் வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது மந்தம் இல்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவேன், எதிர்பார்த்ததை எழுத மாட்டேன் என்ற அந்தப் பிடிவாதம் ஒரு நிரபராதியைச் சிறையிலிருந்து காப்பாற்றும். குற்றம் செய்தவர் நழுவிவிடாமலும் தடுக்கும். அதைப் பயிற்சி மையத்தில் விலைக்கு வாங்க முடியாது.

செலவில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அரசுக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் கல்லூரியிலோ பி.எஸ்சி. வேதியியலுக்கு ஆகும் மொத்தச் செலவு, டெல்லியில் சில மாத அறை வாடகைக்குள் அடங்கிவிடும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். ‘பிறகு சம்பாதித்து நிலத்தை மீட்டுக்கொள்ளலாம்’ என்ற சித்தப்பாவின் கணக்கில், பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் குடும்பக் கடனை ஏற்றுவதும் அடங்கியிருக்கிறது. அந்தச் சுமையோடு படிக்கும் பிள்ளை தனக்குப் பிடித்த வேலைக்காகக் காத்திருக்கத் துணியாது. முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே இந்த வாரம் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தை வேதியியலை முதல் விருப்பமாகக் குறித்து அனுப்புங்கள். தாய்மாமாவிடம் ஓர் உதவி கேளுங்கள்: காவல் துறையில் அவருக்குத் தெரிந்தவர்கள் மூலம், உங்கள் மாவட்டத்து நடமாடும் தடய அறிவியல் பிரிவில் பணியாற்றும் ஒருவரோடு மகள் அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஆய்வகத்தில் உள்ள கருவிகளை மாணவர்களே தொட்டு இயக்குகிறார்களா, கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்க மட்டும்தான் அனுமதியா என்று துறைத் தலைவரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.