எத்தனை பூமி, எத்தனை சூப்பர்மேன்?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். காமிக்ஸ் என்றால் உயிர். ஒரு புத்தகத்தில் சூப்பர்மேன் உலகத்தைக் காப்பாற்றுகிறார். இன்னொன்றில் அதே சூப்பர்மேன் சர்வாதிகாரி. வில்லன் லூதர் ஒரு கதையில் நல்லவனாகவே வருகிறான். கேட்டால், "அது வேற எர்த், அம்மா" என்கிறான். நம் கதைகளில் ராமன் என்றைக்கும் ராமன்தான், ராவணன் ராவணன்தான். வியாபாரத்துக்காக நல்லது கெட்டதையே குழப்பும் இந்தப் புத்தகங்களை வாங்கித் தருவதை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நிறுத்தாதீர்கள். வியாபாரம் என்று நீங்கள் சொல்வது பாதி உண்மை. ஆனால் ராமனையும் ராவணனையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்களே, அவர்கள் உங்கள் பக்கம் பேச மாட்டார்கள்.

முதலில் வியாபாரம். 1940-ல் ஃப்ளாஷ் என்ற பெயரில் வந்த அதிவேக வீரன் ஜே கேரிக். சில ஆண்டுகளில் அந்தப் புத்தகம் நின்றுபோனது. 1956-ல் சூப்பர்மேன் புத்தகங்களைப் போடும் டி.சி. காமிக்ஸ்காரர்கள் அதே பெயரை பேரி ஆலன் என்ற புதிய ஆளுக்குக் கொடுத்து மறுபடி தொடங்கினார்கள். அப்படியானால் பழையவர் என்ன ஆனார்? 1961-ல் கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதிய கதை இதற்கு ஒரு பதில் சொன்னது. பேரி சிறுவனாக இருந்தபோது ஜே கேரிக்கை காமிக்ஸில் படித்து ரசித்தவன். ஒருநாள் தன் உடம்பை அதிவேகமாக அதிரச் செய்யும்போது இன்னொரு பூமிக்குள் போய் விழுகிறான். அங்கே ஜே கேரிக் நிஜமாகவே வாழ்கிறார், வயது கூடியிருக்கிறது, கல்யாணமும் ஆகியிருக்கிறது. பூமி ஒன்று, பூமி இரண்டு என்ற கணக்கு இங்கிருந்துதான் வளர்ந்தது.

அப்புறம் பூமிகள் பெருகிக்கொண்டே போயின. புது வாசகர்களால் தொடர முடியவில்லை என்று பதிப்பாளர்களே 1985-ல் பன்னிரண்டு இதழ்த் தொடர் ஒன்றைப் போட்டு அத்தனையையும் அழித்தார்கள். இருபது ஆண்டு கழித்து அவர்களே திரும்பக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் கடைக்கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கினால் ஒரு நல்லதும் நடந்தது. மாதாமாதம் ஓட வேண்டிய கதாநாயகனுக்கு வயதாகக் கூடாது. பூமி இரண்டில் வயதாகலாம். அங்கே சூப்பர்மேனுக்குத் தலை நரைத்தது, காதலி லோயிஸ் அவர் மனைவியானாள். பேட்மேன் கேட்வுமனைக் கல்யாணம் செய்துகொண்டார், மகள் பிறந்தாள், கடைசியில் ஒருநாள் செத்தும் போனார். மூல வரிசையில் எழுதத் துணியாத வாழ்க்கையை அந்தப் பூமியில் எழுத முடிந்தது.

குழப்பம் என்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் தமிழும் மலையாளமும் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு மாயாவிகளைத் தெரியும். ஒருவர் 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைபவர். இன்னொருவன் மலையாளச் சிறுவர் இதழான பாலரமாவின் மாயாவி, ராஜுவும் ராதாவும் கூப்பிட்டால் வந்து நிற்கும் குட்டிச்சாத்தான். எந்தப் பிள்ளையும் இருவரையும் போட்டுக் குழப்பிக்கொண்டதில்லை. அந்த இரும்புக்கைக்காரரே அசல் ஆங்கிலக் கதையின் தொடக்கத்தில் குற்றவாளிதான். பிறகுதான் உளவுப்படையில் சேர்ந்து நல்லவரானார். அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய தலைமுறை நம்முடையது. நாம் கெட்டுப்போகவில்லை.

சரி, ராவணனுக்கு வருகிறேன். வால்மீகியின் ராவணன் சீதையைக் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். கம்பனின் ராவணன் அவளைத் தொடவே இல்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். மலையாளக் கவி எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தில் அவன் கொண்டுபோனது மாயா சீதையை மட்டும். சமணர்களின் ராமாயணத்தில் ராவணனைக் கொல்பவன் ராமனே இல்லை, இலக்குவன். இதில் எந்த ராவணன் "ராவணன்தான்"? பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பனைப் பாடித் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. அதே வட்டாரத்து வீடுகளில் கர்க்கடக மாதம் முழுக்க எழுத்தச்சன் வாசிக்கிறார்கள். எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லும் குருமடம் உங்கள் தாலுகாத் தலைநகரான சித்தூரிலேயே இருக்கிறது.

எழுத்தச்சனில் ஓர் இடம் உண்டு. காட்டுக்கு நீ வர வேண்டாம் என்கிறான் ராமன். சீதை பல வாதங்கள் வைக்கிறாள். முடிவில் அவள் சொல்வது இது: கவிகள் சொன்ன எத்தனையோ ராமாயணங்களை நான் கேட்டிருக்கிறேன், சீதை இல்லாமல் ராமன் காட்டுக்குப் போன கதை எங்கேயாவது உண்டா? ஒரு கதைக்குள் இருக்கும் பெண்ணுக்குத் தன் கதை வேறு வடிவங்களிலும் நடந்திருப்பது தெரிகிறது, அவற்றையே ஆதாரமாகக் காட்டி வாதாடுகிறாள். ஜே கேரிக்கை ஏற்கெனவே புத்தகத்தில் படித்திருந்த பேரி ஆலனுக்குப் பல நூற்றாண்டு முன்னால் எழுதப்பட்ட இடம் இது. உங்கள் மகன் "வேற எர்த், அம்மா" என்று சொல்லும்போது அந்நியமான எதையும் சொல்லவில்லை.

இப்போது நல்லது கெட்டது. இங்கேதான் எனக்கு உங்களோடு உண்மையான சண்டை. 1964-ல் பூமி மூன்று வந்தது. அங்கே எல்லாம் தலைகீழ்: சூப்பர்மேன், பேட்மேன் போன்ற சக்தி உள்ளவர்கள் எல்லாரும் கொள்ளைக்காரர்கள். அந்த முதல் கதை சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரிதான், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் 1985 தொடரில் அதே பூமியில் லூதர் வருகிறான். அத்தனை வல்லவர்களும் கெட்டுப்போன உலகத்தில் அவன் ஒருவன் மட்டும் நல்லவன். உலகம் அழியும்போது தன் கைக்குழந்தையை ஒரு கலத்தில் வைத்து வேறு பிரபஞ்சத்துக்கு அனுப்புகிறான். சூப்பர்மேனைப் பெற்றவர் அழியும் கிரகமான கிரிப்டானில் செய்த அதே காரியம், செய்பவன் லூதர். அந்தப் பக்கத்தைப் படிக்கும் பிள்ளை லூதரின் திருட்டை நல்லது என்று கற்றுக்கொள்வதில்லை. இந்த மனிதனுக்குள் இதுவும் இருந்ததே, நம் பூமியில் அது எங்கே போயிற்று என்று கேட்கிறது.

நீங்கள் சொன்ன சர்வாதிகாரி 2003-ல் மூன்று பாகமாக வந்த "ரெட் சன்" கதையாக இருக்கலாம். அதில் குழந்தை சூப்பர்மேனின் கலம் அமெரிக்கக் கான்சாஸில் விழாமல் உக்ரைன் கூட்டுப்பண்ணையில் விழுகிறது. மாறுவது இது ஒன்றுதான். அவன் அங்கேயும் இரக்கமுள்ளவன், ஒரு விபத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க முடியாதவன். எல்லாரையும் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றிக் காப்பாற்றி, யாருக்கும் சொந்த முடிவு என்று எதுவும் மிஞ்சாத நாட்டை உருவாக்கிவிடுகிறான். எதிர்ப்பவர்களின் மூளையையே மாற்றிவிடுகிறார்கள். அவனை நிறுத்துவது அடி இல்லை, லூதர் எழுதிய ஒரே ஒரு வரி. அக்கறையே எப்படி அடக்குமுறையாகிறது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லும் புத்தகங்கள் நம் பள்ளிகளில் எத்தனை இருக்கின்றன?

கலம் எந்தப் பக்கம் விழுந்தது என்ற கேள்வி எல்லையில் வாழும் நமக்குப் புரியாததா? 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1960-ல் திருத்தணி தமிழ்ப் பக்கம் வந்தது, ஆந்திரத்துச் சித்தூர் அந்தப் பக்கமே இருந்துவிட்டது. கோடு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் எந்த மொழியில் படித்திருப்போம், எந்த ஊரில் வேலை தேடியிருப்போம் என்று இன்றைக்கும் பேசுகிறோம். மனிதர்கள் அதே மனிதர்கள்தான்.

எல்லாவற்றையும் புகழ மாட்டேன். 2004-ல் வந்த இந்திய ஸ்பைடர்மேனில் பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனான், பென் பெரியப்பா பீம் ஆனார், மே பெரியம்மா மாயா ஆனாள், வேட்டி கட்டி மும்பையில் தாவினான். பெயரும் உடையும் மாறின, கேள்வி மாறவில்லை. 2011-ல் வந்த இன்னொரு ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலஸ் அப்படி இல்லை. பீட்டர் செத்துப்போன பிறகு அந்த முகமூடியைப் போட தனக்குத் தகுதி உண்டா என்று தவிக்கும் புரூக்ளின் பையன் அவன். தவிப்பு அவனுடைய சொந்தத் தவிப்பு.

ஆகவே அட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மகன் அடுத்து ஒன்றை முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பூமியில் எது மாறியது, அதனால் இவன் ஏன் இப்படி ஆனான் என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடிந்தால் நல்ல கதை, இன்னொன்று வாங்கிக் கொடுங்கள். 2011-ல் வந்த "ஃப்ளாஷ்பாயிண்ட்" மட்டும் இரண்டு வருஷம் போகட்டும். அங்கே சந்தில் சுடப்பட்டுச் சாவது பெற்றோர் இல்லை, பின்னாளில் பேட்மேன் ஆக வேண்டிய குழந்தை புரூஸ். அந்தத் துக்கத்தில் அப்பா கொலை செய்யத் தயங்காத பேட்மேன் ஆகிறார், அம்மா பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர் ஆகிறாள். நல்ல கதைதான், ஆனால் எட்டாம் வகுப்புக்கு ரத்தம் அதிகம்.