நிலக்கரிக்குள் மரக்கரி

கேள்வி: எங்கள் ஆலையின் பாய்லருக்கு வரும் நிலக்கரியில் பளபளப்பான பகுதிகள் விரலில் ஒட்டுவதில்லை, இடையே ஓடும் சில மங்கலான பட்டைகள் மட்டும் தொட்டவுடன் கறுப்பாக அப்பிக்கொள்கின்றன. அது மரக்கரி என்கிறார் உடன் பணிபுரிபவர். நிலக்கரிக்குள் மரக்கரி எப்படி வந்தது? (வாசகர், ஈரோடு)

பதில்: அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சதுப்பு நிலத்தில் விழுந்த தாவரங்கள் நீருக்கடியில் முழுமையாக மட்காமல் குவிந்து, மேலே படிந்த வண்டலின் அழுத்தத்தாலும் பூமியின் உள்வெப்பத்தாலும் பல கோடி ஆண்டுகளில் இறுகியதே நிலக்கரி. அது உருவாக நெருப்பு தேவையில்லை. மரக்கரிக்கோ நெருப்பு இல்லாமல் பிறப்பே இல்லை. மரம் எரியும்போது அதிலிருந்து வெளியேறும் வாயுக்கள்தாம் சுவாலையாக எரிகின்றன. போதிய காற்றுப் படாத பகுதி சாம்பலாகாமல் கரியாக நின்றுவிடுகிறது. வறட்சிக் காலத்தில் அந்தப் பழங்காடுகளில் தீ மூண்டபோது உண்டான கரியே, மட்கிய தாவரக் குவியலோடு சேர்ந்து புதைந்து, இன்று உங்கள் விரலில் ஒட்டுகிறது.

1919இல் பிரிட்டனின் தொல்தாவரவியலாளர் மேரி ஸ்டோப்ஸ், பட்டை பட்டையாக அமைந்த நிலக்கரியின் கூறுகளை விட்ரெய்ன், கிளாரெய்ன், டுரெய்ன், ஃபியூசெய்ன் என நான்காகப் பிரித்தார். பட்டுப் போன்ற மினுமினுப்புடன் நார்நாராக உதிர்ந்து கையைக் கறுப்பாக்குவது ஃபியூசெய்ன். அதன் ஒரு துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் செல்கள் பெரும்பாலும் நசுங்காமல், தேனடையின் அறைகளைப் போலத் திறந்து நிற்பதைக் காணலாம். அடுத்தடுத்த செல்களின் சுவர்களுக்கு இடையே இருக்க வேண்டிய மெல்லிய அடுக்கு மறைந்து, இரண்டும் ஒரே சுவராகியிருக்கும். இன்றைய மரத்தை 300 டிகிரி செல்சியசுக்கு மேல் கரியாக்கினாலும் இதே மாற்றம் நிகழ்கிறது. மேலும், கரி எவ்வளவு அதிக வெப்பத்தில் உருவானதோ, மெருகேற்றிய அதன் பரப்பு அவ்வளவு அதிகமாக ஒளியைப் பிரதிபலிக்கும். அதை அளந்து, அன்று எரிந்த தீயின் வெப்பத்தையே கணிக்கிறார்கள். இத்தகைய பகுதிகள் பூஞ்சைகளாலும் உலர்தலாலும் உருவானவை என்று வாதிட்டவர்கள் உண்டு. சிலவற்றுக்கு அது பொருந்தலாம். ஆனால் செல் அமைப்பு இவ்வளவு தெளிவாக நிலைத்திருக்கும் ஃபியூசெய்னுக்கு நெருப்பைத் தவிர வேறு விளக்கம் போதுமானதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கரியின் உண்மையான மதிப்பு, அது அன்றைய காற்றுக்குச் சாட்சி சொல்வதில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 15 அல்லது 16 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் தாவரங்களில் தீ பற்றிப் பரவாது என்று சோதனைகள் காட்டுகின்றன. இன்றைய அளவு 21 விழுக்காடு. ஆகவே ஒரு பாறையடுக்கில் மரக்கரி இருந்தால், அக்காலக் காற்றில் குறைந்தது அந்த அளவு ஆக்சிஜனாவது இருந்திருக்க வேண்டும். வேல்ஸிலும் போலந்திலும் கிடைத்த மிகப் பழைய கரித்துணுக்குகளுக்கு வயது ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகள். அப்போது பூமியில் மரங்களே தோன்றியிருக்கவில்லை. மிகச் சிறிய நிலத்தாவரங்களும், பூஞ்சையைப் போன்ற புரோட்டோடாக்சைட்டஸும்தாம் எரிந்திருக்கின்றன. அடுத்துப் பல கோடி ஆண்டுகள் கழித்து வந்த பெர்மியன் காலத்தில் ஆக்சிஜன் இன்றைவிட மிகுந்திருந்தது என்பது பலரின் கணிப்பு. ராணிகஞ்ச் உள்ளிட்ட தாமோதர் பள்ளத்தாக்கின் நிலக்கரி அக்காலத்தைச் சேர்ந்தது. அதிலும் இத்தகைய கரிப்பகுதிகள் உண்டு.

கேள்வி: மரக்கரி நிலக்கரியில் மட்டும்தான் கிடைக்குமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இல்லை. மணற்கல்லிலும் களிமண் படிவுகளிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. கரி முதலில் நீரில் மிதக்கும். துளைகளில் நீர் ஏறிய பிறகே மூழ்கும் என்பதால், தீ எரிந்த இடத்திலிருந்து வெகுதொலைவுக்கு ஆறுகள் அதைக் கொண்டுசெல்ல முடியும். நுண்ணுயிரிகளால் அதை எளிதில் சிதைக்கவும் முடியாது.

தென் சுவீடனின் ஓசென் என்னுமிடத்தில், ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகள் பழமையான படிவுகளை நீரில் சலித்தபோது, சில மில்லிமீட்டர் அளவே உள்ள கரியான பூக்கள் கிடைத்தன. எல்சே மாரி ஃப்ரீஸ், அன்னி ஸ்கார்பி ஆகியோர் 1981இல் அவற்றை அறிவித்தார்கள். இதழும் மகரந்தத்தாளும் எண்ணிப் பார்க்கும் அளவுக்குச் சிதையாமல் இருந்த அந்தப் பூக்கள், டைனோசர் காலத்துப் பூக்களின் அமைப்பை நேரடியாக ஆராய வழி செய்தன; பாறையில் தட்டையாகப் பதிந்த இலைத்தடங்களிலிருந்து இவ்வளவு நுட்பமான விவரங்களைப் பெற்றிருக்கவே முடியாது.