டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் குழுவில் பாதிப் பேர் நல்லவர்கள், பாதிப் பேர் கெட்டவர்கள். இவர்களை எப்படி ஒன்றாகப் பயணம் போகவைப்பது?

கேள்வியைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பழைய வயிற்றெரிச்சல். நீங்கள் புதிதாக டிஎம் ஆகியிருக்கிறீர்கள், ஒருத்தர் பாலடின் (தர்மம் காக்கச் சத்தியம் செய்த வீரன்) எடுத்துவிட்டார், இன்னொருத்தர் பிணத்தை எழுப்பும் விசார்டாக (மந்திரவாதியாக) வந்து உட்கார்ந்திருக்கிறார், ராஜா கூப்பிட்டு வேலை கொடுத்தால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். சரியா? கிளம்ப மாட்டார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

(இந்த ஆட்டம் தெரியாமல் உள்ளே வந்தவர்களுக்கு: மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம், இருபது பக்க டைஸை உருட்டி ஜெயித்தோமா தோற்றோமா என்று பார்ப்போம். கதையை நடத்துபவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம்.)

வேலைக்காக அமெரிக்காவின் மில்வாக்கி வந்த இரண்டாவது குளிர்காலத்தில் டிஎம் ஆனேன். அபார்ட்மென்டின் பேஸ்மென்டில், வெள்ளிக்கிழமை இரவு, நான்கு பேருக்கு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள். பாலடினாக ஆடியவர் எங்களைவிட இருபது வயது மூத்தவர். ஜென்கான் என்ற பெரிய விளையாட்டுத் திருவிழா 1985 முதல் 2002 வரை மில்வாக்கியில்தான் நடந்தது, அதற்கெல்லாம் போனவர். அவர் எதிரே உட்கார்ந்து விதி பேச எனக்கு நாக்கு எழாது. விசார்டாக ஆடியவன் என் டீமில் வேலை செய்யும் பையன், தன் பாத்திரத் தாளில் பெரிய எழுத்தில் ஈவில் (கெட்டவன்) என்று எழுதிக்கொண்டு வந்தான். மற்ற இருவர் ஒரு கிளெரிக் (கடவுள் அருளால் மந்திரம் போடும் பூசாரி), ஒரு திருடன்.

மூன்றாவது செஷனில் ஒரு கோப்ளின், அதாவது குட்டி அரக்கன், சரணடைந்தது. அதற்குப் பெயர் வைத்து, மூக்கால் பேசி, துப்பு சொல்ல வாயைத் திறக்கவைத்தேன். விசார்ட் ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரத்தைப் போட்டான். கோப்ளின் கரி. ஏன்டா என்றால், "என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்" என்றான். பாலடின்காரர் ஒன்றும் பேசவில்லை. டைஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார். ஏழு டைஸ். பையின் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

அவர் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1974இல் ஆட்டம் முதலில் வந்தபோது நல்லவன், கெட்டவன் என்ற பிரிவே கிடையாது. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றுதான். 1978இன் வீரர் கையேட்டில்தான் நல்லது, கெட்டதும் அந்த மூன்றோடு சேர்ந்து ஒன்பது கட்டங்கள் வந்தன; இந்தப் பிரிவுக்குப் பெயர் அலைன்மென்ட். அதன்படி பாலடின் நல்லவர்களோடு மட்டும்தான் சேருவான். தீமையில்லாத நடுநிலைக்காரர்களோடு ஒரே ஒரு பயணத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். அறுபது அடிக்குள் தீமை இருந்தால் மனத்தைக் குவித்துக் கண்டுபிடித்துவிடுவான். அவர் அந்தப் பழக்கத்தில் அடுத்த வாரமே விசார்டை முறைத்துப் பார்த்துத் தீமையைத் தேடினார். ஐந்தாம் பதிப்பிலும் அதே அறுபது அடிதான், ஆனால் பாலடினின் டிவைன் சென்ஸ் என்ற சக்தி பேய், பிசாசு, தேவதை வகையறாக்களை மட்டும்தான் காட்டும். அயோக்கிய மனுஷனைக் காட்டாது. "ஒன்றும் தெரியவில்லை, சார்" என்றேன். விசார்ட் பல்லைக் காட்டினான். நான் அவன் பக்கம் சாய்கிறேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். இன்றைக்கும் சொல்கிறேன், விதிப்புத்தகம் அப்படித்தான் இருக்கிறது.

பிரிந்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் அடுத்து நான் செய்தது படு முட்டாள்தனம். அரண்மனை மந்திரவாதியை விட்டு நான்கு பேருக்கும் கியாஸ் மந்திரம் போடவைத்தேன். முப்பது நாள் சொன்னதைச் செய்யவேண்டும். மீறினால் பத்துப்பக்க டைஸ் ஐந்தை உருட்டி வரும் அளவு அடி, சராசரி இருபத்தேழரை. மூன்றாம் லெவல் விசார்ட் அந்த இடத்திலேயே சுருண்டுவிடுவான். கழுத்தில் கயிறு போட்டால் ஒன்றாக நடப்பார்கள் என்று கணக்கு.

ஒன்றாகத்தான் நடந்தார்கள். எனக்கு எதிராக. மூன்று வெள்ளிக்கிழமை முழுக்க அந்த மந்திரத்தை எடுத்துவிடும் பூசாரி எந்த ஊரில் இருக்கிறார் என்று தேடினார்கள். நான் எழுதிவைத்திருந்த சுரங்கத்தை ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான்காவது வாரம் ஆட்டத்தை நானே நிறுத்தினேன்.

காசு கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பழைய ஆட்டத்தில் போதும். அதில் ஒரு தங்கக் காசைக் கொண்டுவந்து சேர்த்தால் ஒரு அனுபவப் புள்ளி. புண்ணியவானும் பாவியும் லெவல் ஏற ஒரே பாதாள அறைக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும். பாலடின் தன் பங்கில் பத்தில் ஒன்றைத் தர்மம் செய்துவிடுவான், சோலி முடிந்தது. ஐந்தாம் பதிப்பில் காசுக்குப் புள்ளி கிடையாது. அந்தப் பொதுக்காரணம் போன பிறகு அந்த ஓட்டையை டிஎம்தான் அடைக்கவேண்டியிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அவர்களே கேட்டதால் புதுக்கதை தொடங்கினேன். இந்த முறை டைஸை எடுக்கும் முன்பு ஒரு இரவு முழுக்கப் பேச்சுதான். எனக்கு அப்போது கர்ணன் ஞாபகம் வந்தான். நல்லவன், கெட்டவர்கள் குழுவில் கடைசிவரை நின்றவன். ராஜா காசு கொடுத்ததற்கா நின்றான்? செஞ்சோற்றுக் கடன். இதை அமெரிக்கர்களுக்கு எப்படிச் சொல்வது என்று திணறி, அரிசி, கடன் என்று என்னவோ சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து எங்கள் மேசையில் அதற்குப் பெயர் "ரைஸ் டெட்". (புராணத்தை விளையாட்டில் இழுக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கதையை மரியாதையோடுதான் சொன்னேன்.)

கெட்டவனிடம் கேட்ட கேள்வி: இந்தக் குழுவில் யார் போட்ட சோற்றை நீ தின்றிருக்கிறாய்? விசார்ட் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். அகாடமியிலிருந்து துரத்தப்பட்ட குளிர்காலத்தில் கோயில் சமையலறையில் மூன்று மாதம் கிளெரிக் அவனுக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறாள். உலகமே எரிந்தாலும் அவளை விட்டுப் போகமாட்டான். கிளெரிக்காக ஆடிய பெண் அதைக் கேட்டு, "நான் ஊற்றினேனா?" என்றாள். பிறகு அவளே தன் தாளில் எழுதிக்கொண்டாள்.

நல்லவனிடம் கேட்ட கேள்வி வேறு: எதைக் கண்டால் பிரிந்துபோவாய், எதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாய்? இதைக் கேட்க யாரும் நினைப்பதில்லை. எல்லோரும் கெட்டவனைத்தான் திருத்தப் பார்க்கிறார்கள். நடுவழியில் போலீஸ் வேலை பார்க்கும் பாலடினும் அதே அளவுக்கு ஆட்டத்தைக் கெடுப்பான். பாலடின்காரர் நிபந்தனை போட்டார்: சரணடைந்தவர் மேல் கை வைக்கக்கூடாது. எதிரியின் பிணத்தை எழுப்பலாம், ஆனால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அடக்கம் செய்யவேண்டும். பிணத்தை எழுப்பும் மந்திரத்தின் கட்டுப்பாடும் அத்தனை நேரம்தான், அதனால் பொருந்திப்போயிற்று. பிறகு எங்கள் மூட்டையைத் தூக்கிய ஒவ்வொரு எலும்புக்கூட்டுக்கும் அவர் குழி வெட்டி ஜபம் சொன்னார். அந்தக் காட்சிகளை நான் எழுதவே இல்லை.

இலக்கு ஒன்றே ஒன்று: செத்தும் சாகாத ஒரு மந்திரவாதியின் புத்தகம். பாலடினுக்கு அதை எரிக்கவேண்டும், விசார்டுக்கு அதைப் படிக்கவேண்டும், திருடனுக்கு அட்டையிலிருக்கும் ரத்தினம். அங்கே போய்ச் சேரும்வரை சண்டைக்கு அவசியமில்லை. நம் ஊர்த் தேர்தல் கூட்டணியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அலைன்மென்டையே தூக்கிப்போடுங்கள் என்று கீழே கமென்ட் வரும், தெரியும். போட்டுக்கொள்ளுங்கள். தாளிலிருந்து அழித்துவிட்டால் கோப்ளினைக் கொளுத்தும் பையன் கொளுத்தாமல் இருக்கப்போவதில்லை. எப்போதும் முதுகில் குத்துவதற்காகவே வருகிற ஆளுக்கு என் வழி உதவாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அவரோடு தனியாகப் பேசுங்கள்.

பேசும்போது பீட்சாவையும் பேசிவிடுங்கள். ஐந்து பேரில் நான் ஒருத்தன்தான் சைவம். எனக்கென்று ஒரு காய்கறி பீட்சா வரும். நான் வில்லன் குரலில் பேசி முடிப்பதற்குள் ஆளுக்கு இரண்டு துண்டு எடுத்துவிடுவார்கள், அவர்களுக்கென்று மூன்று பெட்டி அங்கேயே இருக்கும்போது. "வெஜ் நன்றாக இருக்கிறது" என்று பாராட்டு வேறு. இரண்டு வருடம் டிஎம் ஆக இருந்து பாதி வெள்ளிக்கிழமை சிப்ஸ் தின்று வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஈவில் என்று தாளில் எழுதியவனாவது ஒரு துண்டு மிச்சம் வைத்தான், உண்மையைச் சொல்லவேண்டும்.

புத்தகம் என்ன ஆயிற்று என்றால், எரிந்தது. விசார்டே நெருப்பு வைத்தான். அதற்கு முன் ஒரு பக்கத்தைக் கிழித்து அங்கிக்குள் செருகிக்கொண்டான். பாலடின்காரர் அந்த நேரம் பார்த்துக் காபி எடுக்க எழுந்துபோனார். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. நானும் இன்னும் யோசிக்கவில்லை.